10.3 இன்ச் இ-ரீடரில் பழைய ஸ்கேன் நூல்கள்: எழுத்து பொடி, பக்கம் திருப்பினால் தாமதம்

ஏட்டுப்பித்து:
வணக்கம். பழைய உரைப்பதிப்புகளைப் படிக்கவென்றே 10.3 இன்ச் இ-ரீடர் வாங்கினேன். ஆண்ட்ராய்டு கருவி, பேனாவும் உண்டு. இ-பப் புத்தகங்களில் ஒரு குறையும் இல்லை. தகராறெல்லாம் பிடிஎஃப்பில்தான். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இறக்கிய நூல்களில் பக்கம் திருப்பினால் சில விநாடி வெறும் வெள்ளைதான். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, அடிக்குறிப்பைப் படிக்கவே முடியவில்லை. பின்னணி வேறு சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. ரீஃப்ளோ (எழுத்தைப் பெரிதாக்கி வரிகளைத் திரைக்கேற்ப மறுபடி அடுக்கும் வசதி) போட்டால் செய்யுள் அடிகள் உடைந்து உரைநடைபோல ஓடுகின்றன.

இன்னொரு சிக்கல்: தோழி அனுப்பிய ஆய்வேடு சாதாரணமாகத் திறந்தால் தமிழ், ரீஃப்ளோவில் ஆங்கில எழுத்துக் குப்பை. 13.3 இன்ச்தான் வாங்கியிருக்க வேண்டுமோ?

வைகைக்கரை:
ஆமாம், மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். 13.3 இன்ச் திரை ஏறக்குறைய ஏ4 தாள். உங்களுடையது அதில் பாதி, ஏ5 அளவு.

அச்சுக்கோப்பு:
அதற்குள் காசைக் கரைக்க வேண்டாம். ஏ4 ஆவணத்துக்குத்தான் அந்தக் கணக்கு. பழைய தமிழ் நூல்கள் பெரும்பாலும் டெம்மி அளவு, சுமார் 14 x 21.5 செ.மீ. உங்கள் திரை சுமார் 15.7 x 21 செ.மீ. அச்சில் இருந்த அளவிலேயே எழுத்து தெரிய வேண்டுமே! ஒரு திரையில் ஒரு பக்கம் வருகிறதா, விரித்த புத்தகமாக இரண்டு பக்கமா?

ஏட்டுப்பித்து:
இரண்டு பக்கம்தான் சார். நான் பார்த்த நூல்களில் பாதிக்கு மேல் அப்படித்தான்.

அச்சுக்கோப்பு:
அங்கேதான் இருக்கிறது வினை. 28 செ.மீ. அகலத்தை 15.7-இல் அடைத்தால் எழுத்து அச்சு அளவில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். 13.3 இன்ச் வாங்கினாலும் முழு அளவு கிடைக்காது.

உடனே படிக்க வேண்டுமானால் கேஓரீடர் செயலியைப் போடுங்கள், இலவசம். பிடிஎஃப்பைத் திறந்து கீழ்ப்பட்டியில் பெரிதாக்கலை ‘பத்தி’ (செய்தித்தாளில் நெடுக்காக வரும் காலம்போல) வாரியாக வைத்து, எண்ணிக்கை இரண்டு என்று கொடுங்கள். இடப்பக்கம் முடிந்ததும் வலப்பக்கம் வரும். கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் சாம்பல் குறையும். ரீஃப்ளோவை அணைத்துவிடுங்கள். அது பக்கத்தைச் சொல் சொல்லாக வெட்டி மறுபடி அடுக்குவது. அதற்குச் சீரும் தெரியாது, அடியும் தெரியாது. செய்யுளுக்கு ஆகாது.

தாமதத்துக்குக் காரணம் வேறு. ஆர்க்கைவ் பிடிஎஃப்களில் படங்கள் பெரும்பாலும் ஜேபெக்2000 முறையில், அடுக்கடுக்காகச் சுருக்கப்பட்டவை. கணினி இமைக்கும் நேரத்தில் விரித்துவிடும். இ-ரீடரின் சிறிய செயலி திணறும். அடிக்கடி எடுக்கும் நூல் என்றால் கணினியில் ஒருமுறை சுத்தம் செய்துவிடுவது மேல். பாப்ளர் என்ற இலவச பிடிஎஃப் கருவித் தொகுப்பிலுள்ள பிடிஎஃப்டுபிபிஎம் கட்டளையால் பக்கங்களை 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) படங்களாக எடுங்கள். அதே தொகுப்பில் பிடிஎஃப்இமேஜஸ் என்று ஒன்று உண்டு. அது இங்கே உதவாது, பின்னணி தனி, எழுத்து தனி என்று அடுக்குகளைப் பிரித்துக் கொட்டிவிடும். படங்களை ஸ்கேன்டெய்லர் என்ற ஸ்கேன் திருத்தும் மென்பொருளில் போட்டால் இரட்டைப் பக்கத்தைப் பிளக்கும், சாய்வை நிமிர்த்தும், ஓரத்தை வெட்டும். வெளியீட்டில் கறுப்பு வெள்ளை, 600 டிபிஐ என்று வையுங்கள். 300 போதாதா என்று கேட்பார்கள். கறுப்பு வெள்ளையில் 300 வைத்தால் மெய்யெழுத்துப் புள்ளிகளும் சுழிகளும் தேய்ந்துவிடும். கடைசியில் படங்களை இமேஜ்டுபிடிஎஃப் என்ற கருவி கொண்டு ஒரே பிடிஎஃப்பாகக் கோத்துவிடலாம். சாம்பலும் போகும், தாமதமும் போகும்.

படம் நிறைந்த நூலுக்கு மட்டும் இது வேண்டாம், புகைப்படமெல்லாம் மைக்கறையாகிவிடும்.

நிலாமுற்றம்:
ஆய்வேட்டுக்கு நான் சொல்கிறேன். அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கும். பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். பிடிஎஃப்புக்குள்ளேயே எழுத்துரு இருப்பதால் பக்கமாகப் பார்க்கையில் தமிழ் தெரியும்; உங்கள் கருவியின் ரீஃப்ளோ வேறு எழுத்துருவைப் போட்டதும் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். கேஓரீடரின் ரீஃப்ளோ பக்கத்தைப் படமாகவே வெட்டுவதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உங்களுக்கு அதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஆய்வேட்டில் பைண்டிங்குக்காக இடப்பக்கம் ஒன்றரை இன்ச் விடுவது வழக்கம், வலப்பக்கம் ஒரு இன்ச். அதை வெட்டினால் எழுத்துப் பகுதி 15 செ.மீ. கூட வராது. அகலத்துக்குப் பொருத்துங்கள், அச்சிட்ட அளவிலேயே படிக்கலாம். பக்கத்தின் கடைசிச் சில வரிகளுக்கு மட்டும் கொஞ்சம் நகர்த்த வேண்டும்.

தேடல் வேண்டுமென்றால் ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும்) மென்பொருளில் தமிழைத் தேர்ந்து, ஏற்கெனவே உள்ள எழுத்தைப் புறக்கணிக்கும்படி கட்டாய ஓசிஆர் கொடுங்கள். பிழை இருக்கும், ஆனாலும் தேட உதவும்.

ஏட்டுப்பித்து:
ஓரம் வெட்டியதும் ஆய்வேடு சரியாகிவிட்டது, நன்றி அக்கா. ஒரு உரைநூலை ஸ்கேன்டெய்லரில் போட்டுப் பார்த்தேன், பக்கம் சட்டென்று திரும்புகிறது. அடிக்குறிப்பும் கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. சில பக்கங்களில் நடுக்கோட்டைத் தவறாகப் பிளந்திருந்தது, கையால் நகர்த்தினேன். ஒன்றே ஒன்று: கேஓரீடரில் பேனா எழுதவில்லையே?

அச்சுக்கோப்பு:
எழுதாது. கையெழுத்துக் குறிப்பெல்லாம் கருவியோடு வந்த வாசிப்புச் செயலியில்தான். சுத்தம் செய்த பிடிஎஃப்பை அதிலேயே திறந்துகொள்ளுங்கள், இப்போது அதுவும் திணறாது. முந்தின பக்கத்தின் நிழல் தங்கினால் வேகப் பயன்முறையை அணைத்து, சில பக்கங்களுக்கு ஒருமுறை முழுத் திரையும் புதுப்பிக்கும்படி வைத்துவிடுங்கள்.