அம்மாவின் அடக்கச் செலவுக்கு எவ்வளவு எடுத்துவைப்பது?

கேள்வி (அம்பாசமுத்திரம்):
அம்மாவுக்கு 84 வயது. “உன் அப்பா பக்கத்திலேயே என்னை அடக்கம் செய்துவிடு” என்கிறாள். அப்பாவின் கேதத்தில் கணக்கே தெரியாமல் 72,000 ரூபாய் கரைந்தது. அதில் பாதிப் பணம் வட்டிக்கு வாங்கியது. அந்தத் தவிப்பு மறுபடி வேண்டாம்.

பதில்:
அண்ணாச்சி, குழி வெட்டும் கூலி, நீர்மாலை (குளிப்பாட்ட நீர் எடுத்துவரும் சடங்கு), சங்கு, மேளம் எல்லாம் அன்றைக்கே ரொக்கமாகக் கொடுக்க வேண்டியவை. எங்களுக்கு 23,000 ஆனது. பூப்பல்லக்குதான் செலவை ஏற்றும். நாங்கள் பச்சை ஓலைப் பாடையே கட்டினோம். அதில் ஒரு குறையும் இல்லை.

பதில்:
பதினாறாம் நாள் சாப்பாட்டைத் தனிக் கணக்காக எழுதுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணம் இல்லை.

கேட்டவர்:
நீங்கள் சொன்னதை வைத்துச் செலவுப் பட்டியல் எழுதி அம்மாவிடம் வாசித்தேன். கோடிச் சேலை என்ற வரியை விரலால் தட்டி, “அது என் பிறந்த வீட்டிலிருந்து வரும், அடித்துவிடு” என்றாள். அடித்துவிட்டேன்.