செயின்சாவுக்கு அரம் வாங்கப் போறீங்களா? முதல்ல சங்கிலியில அடிச்சிருக்கிற நம்பரைப் பாருங்க

வெளிநாட்டுக்குப் புதுசா வந்து, ஊரை விட்டுத் தள்ளி விறகு அடுப்பு வச்ச வீடா எடுத்திருக்கிற நம்ம மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுறேன். போன வாரம் மேலூர்த் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு: "அண்ணே, செயின்சா வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது. இப்ப மரத்துல வச்சா புகைதான் வருது. கடையில அரம் கேட்டா எத்தனை மில்லின்னு திருப்பிக் கேக்குறாங்க. எதை வாங்க?"

ஒரு வரியில பதில் சொல்லலாம். ஆனா இதுல அரம் மாறிப்போனா நல்ல சங்கிலியே வீணாப் போகும். நானே ஒரு சங்கிலியைக் கெடுத்திருக்கேன், அதனால விவரமாவே சொல்றேன்.

நான் இருக்கிறது கனடாவுல நோவா ஸ்கோஷியா. 2022 செப்டம்பர்ல ஃபியோனா புயல் அடிச்சப்ப வீட்டைச் சுத்தி மரம் சாஞ்சு, காரை வெளியே எடுக்க வழியில்லாமப் போச்சு. அந்த வாரம்தான் முதல் ரம்பம் வாங்கினேன். இப்ப லீவுல வந்து, வாடிப்பட்டிக்குப் பக்கத்துல சித்தப்பா மகனோட தென்னந்தோப்புல உக்காந்திருக்கேன். பக்கத்துல அவனோட ரம்பம். 2017ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னப்ப இங்கிட்டு கிராமத்துக்குக் கிராமம் ரம்பச் சத்தமா இருந்துச்சு, அப்ப வாங்கினது.

வரும்போது அவனுக்குன்னு ஒரு அரம் செட் கொண்டுவந்தேன். நான் அங்க வச்சிருக்கிற அதே 4 மி.மீ. உருட்டு அரம். பெட்டியைப் பிரிச்சு அவன் கையில கொடுத்துட்டு, சங்கிலியில வச்சுப் பார்த்தா பல்லுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிருச்சு. அவன் ரம்பம் 58 சிசி, 22 இன்ச் பார் (சங்கிலி சுத்தி ஓடுற நீளத் தகடு), சங்கிலி .325 இன்ச் வகை, அதாவது கண்ணிக்குக் கண்ணி இடைவெளி. அதுக்கு வேண்டியது 4.8 மி.மீ. அரம். அவன் முகம் வாடினதைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டமாயிருச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி நம்பரைக் கேட்டிருக்கணும்.

"எந்த அரமா இருந்தா என்னண்ணே, பல்லு கூராச்சுன்னா சரிதானே?" அப்படின்னான். பெரும்பாலான ஆளுக இப்படித்தான் நினைக்கிறாங்க. நம்ம ஊரு ஆசாரி கைரம்பத்துக்கு ஒரே முக்கோண அரத்தை வச்சு எல்லாப் பல்லையும் ராவிடுவாரு. அது முக்கோணப் பல்லு, அரம் கொஞ்சம் சின்னதோ பெருசோ, கோணம் மாறாது. செயின்சா பல்லு அப்படி இல்ல. மேல ஒரு தகடு, பக்கவாட்டுல ஒரு தகடு, ரெண்டும் சேர்ற மூலையிலதான் வெட்டு இருக்கு. அந்த மூலைக்கு உள்பக்கம் அரை வட்டமா ஒரு குழி. அரத்தோட உருட்டு என்ன அளவோ, அதுதான் குழியோட வளைவு. அந்த வளைவுதான் வெட்டுற முனையோட சாய்வைத் தீர்மானிக்குது. அரம் சின்னதா இருந்தா முனை கொக்கி மாதிரி வளைஞ்சு மெலிஞ்சுபோகும். ரெண்டு கட்டை அறுக்கிற வரைக்கும் வெண்ணெய் மாதிரி போகும், மூணாவது கட்டையில மழுங்கிரும். அரம் பெருசா இருந்தா முனை பின்னால சாய்ஞ்சு, கடிக்காம வழுக்கும். நான் கெடுத்த சங்கிலி இந்த ரெண்டாவது வகை. கைக்குக் கிடைச்ச 4.8ஐ வச்சு 4 மி.மீ. சங்கிலியை ராவிட்டு, ரம்பம்தான் சரியில்லன்னு ஒரு மாசம் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

சரி, உங்க சங்கிலி எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெரும்பாலும் சங்கிலியிலேயே அடிச்சிருக்கும். ஸ்டில் கம்பெனி சங்கிலின்னா பல்லுக்கு முன்னால காளைத் திமில் மாதிரி ஒரு மேடு இருக்கும், அதோட பக்கவாட்டைத் துடைச்சுப் பாருங்க. 6 அல்லது P இருந்தா 3/8 சின்ன வகை, அரம் 4.0. 2 இருந்தா .325, அரம் 4.8. வெறும் 3 இருந்தா பெரிய 3/8, அரம் 5.2. ஓரிகன் கம்பெனி சங்கிலியில கீழே பாருக்குள்ள ஓடுற கண்ணியில நம்பர் இருக்கும். 91ன்னா 4.0. அதே 3/8 சின்ன வகையில 90ன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு 4.5. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும், அதனாலதான் உத்தேசமா வாங்காதீங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். 95ன்னா 4.8. 72, 73ன்னா பெரிய 3/8, ஓரிகன் அதுக்குச் சொல்றது 5.5. எழுத்து தேய்ஞ்சு போயிருந்தா, அடுத்தடுத்த மூணு ரிவிட்டோட நடு மையத்துக்கு நடு மையம் அளந்து ரெண்டால வகுங்க. வர்றதுதான் சங்கிலியோட பிட்ச். 3/8ல சின்னதும் பெருசும் இருக்கிறதால, அதைச் சொல்லி சங்கிலியையும் காட்டினா கடைக்காரர் மிச்சத்தைப் பார்த்துக்குவாரு.

கனடா, அமெரிக்காவுல அரத்தோட உறையில மில்லிமீட்டர் சின்னதாத்தான் இருக்கும், இன்ச் பின்னம்தான் பெருசா இருக்கும். நம்ம ஆளுக 5/32ன்னு பார்த்ததும் குழம்பிப்போறாங்க. இரும்புக் கடையில நூல் கணக்குல வாங்கிப் பழகினவங்களுக்கு இது ரொம்பச் சுலபம். ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். 5/32ங்கிறது ஒண்ணேகால் நூல், அது 4.0 மி.மீ. 3/16 ஒன்றரை நூல், 4.8. 7/32 ஒண்ணேமுக்கால் நூல், 5.5. 4.5 மட்டும் 11/64ன்னும், 5.2 மட்டும் 13/64ன்னும் நடுவுல வந்து நிக்கும்.

இனி கைடு, அதாவது அரத்தைச் சரியான உயரத்துலயும் கோணத்துலயும் பிடிச்சுக் கொடுக்கிற சாதனம். வெறும் அரத்தைக் கையில பிடிச்சு ராவுறவங்களை நான் மதிக்கிறேன். ஆனா புதுசா வந்தவங்க அப்படி ஆரம்பிக்காதீங்க. அரத்தோட உருட்டுல அஞ்சுல ஒரு பங்கு பல்லோட மேல் தகட்டுக்கு மேல தெரியணும், மிச்சம் உள்ள இருக்கணும். அந்த உயரத்தை ஒவ்வொரு பல்லுக்கும் கண்ணால நிறுத்துறது பழகுற வரைக்கும் முடியாது.

கைடுல விலை குறைஞ்சது, அரத்து மேல மாட்டுற தகடு. உயரத்தை அது பார்த்துக்கும். மேல 30 டிகிரி கோடு போட்டிருக்கும், அதை பாருக்கு இணையா வச்சுக்கிட்டுத் தள்ளணும். ஹஸ்க்வர்னா கம்பெனியில உருளை வச்ச கைடு ஒண்ணு வருது. சங்கிலி மேல உக்கார வச்சா கோணம், உயரம் ரெண்டையும் பிடிச்சுக் கொடுக்கும். அந்தந்த சங்கிலிக்குத் தனித்தனியா வரும், பார்த்து வாங்குங்க. ஸ்டில்ல ரெண்டு உருட்டு அரமும் ஒரு தட்டை அரமும் சேர்ந்த சட்டம் ஒண்ணு இருக்கு. பல்லை ராவும்போதே திமிலையும் சேர்த்து இறக்கிடும். வாரக் கடைசியில மட்டும் விறகு அறுக்கிறவங்க இதை வாங்குங்கன்னுதான் சொல்லுவேன். என் கையில மூணு வருஷமா இருக்கிறது இதுதான். பார் மேலயே இறுக்கிப் பூட்டுற சட்டமும் உண்டு, கிரான்பெர்க் அதுல பழைய கம்பெனி. வேலை மெதுவா நடக்கும், ஆனா கோணலாப் போன சங்கிலியைத் திரும்பச் சீராக்க அதை விட நல்லது இல்ல. கரண்டுல ஓடுற சாணை இப்போதைக்கு வேண்டாம். அழுத்திப் பிடிச்சா பல்லு நீலம் பாஞ்சிரும். அதுக்கப்புறம் அந்த இடத்துல அரம் வழுக்கிக்கிட்டுப் போகும், கடிக்காது.

ராவுற முறை. எஞ்சினை அணைச்சு ஆறவிட்டு, கையுறை போட்டுக்குங்க. தடிமனான கட்டை ஒண்ணுல அடிச்சு இறக்குற குட்டி வைஸ் கிடைக்கும், பாரை அதுல கடிக்க விடுங்க. ரம்பத்துல சங்கிலியை நிறுத்துற செயின் பிரேக்கைப் போட்டா சங்கிலி நகராது. பல்லை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, முனையில வெள்ளைக் கோடு மாதிரி மின்னுனா மழுங்கியிருக்கு. பல்லோட உள்பக்கத்துலருந்து வெளிப்பக்கமா மட்டும் தள்ளணும். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிருங்க, முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. அரத்துக்கு எண்ணெய் போடாதீங்க, இரும்புத்தூள் அப்பிக்கும். நல்ல அரம் சரியான கோணத்துல உக்காந்தா கையில ஒரு பிடிப்பு தெரியும், சர்ர்னு ஒரே சத்தமா வரும். கீச்சுன்னு கத்தினா ஒண்ணு அரம் தேஞ்சிருக்கு, இல்ல அழுத்தம் கோணலாப் போகுது. அந்த வெள்ளைக் கோடு மறையுற வரைக்கும்தான் ராவணும், மூணு தள்ளு போதும்னா மூணு. இருக்கிறதுலயே குட்டையான பல்லைப் பார்த்து மத்ததை அதுக்குச் சமமாக் கொண்டுவாங்க. ஒரு பக்கத்துப் பல்லு நீளமா, இன்னொரு பக்கம் குட்டையா இருந்தா ரம்பம் ஒரு பக்கமா இழுத்து வளைஞ்சு அறுக்கும்.

அந்தத் திமிலை மறந்துறாதீங்க. பல்லு எவ்வளவு ஆழம் கடிக்கணும்னு முடிவு பண்றது அதுதான். பல்லு ராவ ராவ மேல் தகடு தாழ்ந்துக்கிட்டே வரும், திமில் மட்டும் அப்படியே நிக்கும். கடைசியில பல்லு கூரா இருந்தாலும் மரத்துல பொடிதான் விழும். வீட்டு ரம்பத்துல வர்ற சங்கிலிகளுக்குப் பொதுவா பல்லு முனையை விட திமில் 0.65 மி.மீ. தாழ்ந்து இருக்கணும். அதுக்குன்னு இருக்கிற அளவுத் தகட்டை மேல வச்சு, நீட்டிக்கிட்டு இருக்கிறதை மட்டும் தட்டை அரத்தால ராவுங்க. வேகமா அறுக்கும்னு நினைச்சு அளவில்லாம இறக்கினா ரம்பம் மரத்துல மாட்டி உங்க முகத்துக்கு நேரா எகிறும். இதுல துளியும் விளையாடாதீங்க.

இன்னொரு தம்பி, இங்கேருந்து அரம் வாங்கிட்டுப் போகலாமான்னு கேட்டிருக்காரு. நம்பர் தெரிஞ்சா தாராளமா வாங்கிட்டுப் போங்க. கைப்பையில வைக்காம, செக்-இன் பெட்டியில போடுங்க. பெட்ரோல் ஊத்தி ஓட்டின ரம்பத்தை மட்டும் விமானத்துல எடுத்துட்டுப் போக நினைக்காதீங்க.

நேத்து மதுரை டவுனுக்குப் போய் 4.8 வாங்கிட்டு வந்தோம். சாயங்காலம் சித்தப்பா மகனே உக்காந்து சுத்திலும் ராவினான், பக்கத்துல நின்னு கோணத்தை மட்டும் சொன்னேன். வாய்க்கால் ஓரத்துல கிடந்த கருவேலக் கட்டையில வச்சான். காலையில மாவு மாவா விழுந்த இடத்துல, துண்டு துண்டாச் செதில் தெறிச்சு அவன் கைலியெல்லாம் ஒட்டிக்கிச்சு.

மேலூர்த் தம்பி, உங்க சங்கிலியைத் துடைச்சு, திமில் பக்கமும் கீழ்க் கண்ணியும் தெரியுற மாதிரி படம் எடுத்து இங்கேயே போடுங்க. எத்தனை மில்லி, எந்தக் கைடுன்னு பார்த்துச் சொல்றேன். வர்ற ஞாயிறு வரைக்கும் தோப்புலதான் இருப்பேன்.