திருச்சி – பலாலி விமானம்: 22 நிமிடமா, ஒரு மணி நேரமா?

காவிரிக்கரை:
திருச்சி – யாழ்ப்பாணம் (பலாலி விமான நிலையம்) வான்தூரம் ஒரு இணையதளத்தில் 184 கி.மீ., இன்னொன்றில் 193, வேறொன்றில் 211. இந்தப் பாதையில் பறக்கும் ஏடிஆர் (விசிறி இயந்திரச் சிறு விமானம்) மணிக்கு 500 கி.மீ. போகும் என்கிறார்கள். அப்படியானால் 22 நிமிடம்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் சுமார் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது. திரும்பும் நாளில் திருச்சியிலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். இடையில் எவ்வளவு நேரம் விடலாம்?

கடல்மைல்:
184தான் சரி. நீங்களே போட்டுப் பார்க்கலாம். திருச்சி நிலையம் 10.765 வடக்கு, 78.71 கிழக்கு. பலாலி 9.79, 80.07. அட்சரேகை வித்தியாசத்தை 60ஆல் பெருக்கினால் 58.5 கடல் மைல். தீர்க்கரேகை வித்தியாசத்தை 60ஆலும் 0.984ஆலும் (இந்த அட்சரேகையின் கொசைன்) பெருக்கினால் 80.3. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுங்கள்: 99.3 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; பெருக்கினால் 184 கி.மீ.

193 என்பது நகரத்திலிருந்து நகரத்துக்கு அளந்ததாக இருக்கலாம். 211 வந்த கதை வேடிக்கையாக இருக்கும்போல: 184 கி.மீ. என்பது 114 சாதாரண மைல். அதைக் கடல் மைல் என்று எண்ணி 1.852ஆல் பெருக்கியிருப்பார்கள்.

ஏடிஆர்பிரியன்:
தூரத்தை வேகத்தால் வகுக்கும் கணக்கு இவ்வளவு குறுகிய பாதைக்கு உதவாது. 500 என்பது மட்டமாகப் பறக்கும்போது உள்ள வேகம். இங்கே மட்டமாகப் பறக்கவே இடமில்லை. 15,000 அடிக்கு ஏறவே 13, 14 நிமிடமும் 45 கடல் மைலும் போய்விடும், அதுவும் வேகமானியில் 170 நாட் (மணிக்கு 170 கடல் மைல்) காட்டும் வேகத்தில். மூன்று டிகிரிச் சரிவில் இறங்க இன்னொரு 45. மிச்சம் பத்துக் கடல் மைல்தான். அதனால்தான் இன்னும் தாழ்வாகப் பறந்தாலும் நேரத்தில் பெரிய நஷ்டமில்லை.

திசையும் கணக்கில் வரும். போகும் பாதை தென்கிழக்கு, ஏறக்குறைய 126 டிகிரி. மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திருச்சியில் 27ஆம் ஓடுபாதையில் மேற்கு நோக்கிக் கிளம்பித் திரும்ப வேண்டும். பலாலியின் ஓடுபாதை 05/23, அதாவது வடகிழக்கு – தென்மேற்காக அமைந்தது; 23 என்பது தென்மேற்கு நோக்கிய திசை. தென்மேற்குக் காற்றில் 23இல் இறங்குவதென்றால் வடகிழக்கே கடல் பக்கம் சுற்றி வர வேண்டும். ஆக வானில் 35 முதல் 40 நிமிடம். டிக்கெட்டில் இருப்பது விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை உள்ள நேரம். தரையில் ஓடுவதும் தாமதத்துக்கு விடும் இடைவெளியும் அதில் சேரும்.

காவிரிக்கரை:
காற்று எதிர்த்தால் திரும்பும்போது அதிக நேரமாகுமா?

ஏடிஆர்பிரியன்:
25 நாட் காற்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம்தான். நீண்ட பாதைகளில்தான் கவலைப்பட வேண்டும்.

வலிகாமம்:
இரண்டு நாட்டு நேரமும் ஒண்டுதான், அதனாலை டிக்கெட் நேரத்தை அப்படியே கழிச்சுப் பார்க்கலாம். பலாலியிலை இருந்து யாழ் ரவுணுக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர். வீதியிலை அரை மணித்தியாலத்துக்கு மேலை வையுங்கோ. திருச்சியிலை குடிவரவு, பொதி, சுங்கம் எண்டு இருக்கு; தனி டிக்கெட் எண்டால் பொதியை நீங்களே எடுத்துத் திரும்பக் குடுக்கவேணும், அடுத்த கவுண்டரும் புறப்பட ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் பூட்டிப்போடும். மூண்டு மணித்தியாலத்துக்குக் குறைய விடாதேங்கோ. முதல் விமானம் பிந்தினால் ரெண்டாவது டிக்கெட்டுக்கு ஒருத்தரும் பொறுப்பில்லை.