கினி பிக்குக்குக் கடைவாய்ப் பல் பார்க்கும் மருத்துவர் தேவை (புதுச்சேரி)

எங்கள் வீட்டுக் கினி பிக் (எலி இனத்துச் சிறு வளர்ப்புப் பிராணி) சரியாகச் சாப்பிட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆண், இரண்டரை வயது. வீடு லாஸ்பேட்டை.

பசி இருக்கிறது, தட்டுச் சத்தம் கேட்டாலே ஓடி வருகிறான். கேரட்டை வாயில் வைப்பான், கொஞ்சம் மெல்லப் பார்ப்பான், அப்படியே கீழே விட்டுவிடுவான். தாடைக்குக் கீழே முடி எச்சிலில் நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. எடை 950 கிராமிலிருந்து 810-க்கு இறங்கிவிட்டது. புழுக்கையும் சிறுத்துவிட்டது.

கேப்பிபாராவும் (தென் அமெரிக்காவின் பெரிய கொறிவிலங்கு) இவனும் ஒரே விலங்குக் குடும்பம். இரண்டுக்கும் பல் ஆயுசு முழுக்க வளரும்; வைட்டமின் சி உடம்பில் தானாக உண்டாகாது. அதனால் குடைமிளகாய், கொத்தமல்லி, அருகம்புல் எல்லாம் தினமும் உண்டு. வைட்டமின் சி சொட்டு மருந்தும் கொடுத்தாச்சு. பக்கத்துக் கால்நடை மருத்துவர் முன்பல்லை மட்டும் வெட்டிவிட்டார். கடைவாய்ப் பல்லுக்கான கருவி தன்னிடம் இல்லை என்றார். இப்போது பெல்லட்டை (உலர் தீவனக் குச்சி) ஊறவைத்துக் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் இரவிலும் ஊட்டுகிறோம். குடல் காலியாகக் கிடந்தால் இவனுக்கு உயிருக்கே ஆபத்து. அப்புறம், வாய்வழி அமாக்ஸிசிலினை (ஆன்டிபயாடிக் மருந்து) யாரும் சொல்ல வேண்டாம், கினி பிக்குக்கு ஆகவே ஆகாது.

புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கம் மயக்க மருந்து கொடுத்து இவனுடைய கடைவாய்ப் பல்லைத் தேய்த்துவிடக்கூடிய மருத்துவர் யார்?