மறு: லைப்ரரி – நூலகமா, நிரலகமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் குழுவின் கலைச்சொல் பட்டியலைப் பற்றிப் பேசும்போது, லைப்ரரிக்கு நூலகம் என்ற நல்ல சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று ஐயா கேட்டிருந்தார். புத்தகம் இருக்கும் இடத்துக்கு நூலகமே போதும். நூல் நிலையம், இலங்கையில் வாசிகசாலை, சிதம்பரம் கல்வெட்டில் சரஸ்வதி பண்டாரம் என்று நமக்குச் சொல் பஞ்சமே இல்லை. என் கவலை மென்பொருள் லைப்ரரியைப் பற்றியது. அதாவது, பல நிரல்கள் (புரோகிராம்கள்) எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள ஆயத்தமாக எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் 'லிபெர்'. மரப்பட்டையையும் புத்தகத்தையும் குறித்த சொல் அது. பிரெஞ்சில் அதன் உறவான 'லிப்ரேரி' புத்தகக் கடையைக் குறிக்கிறது. நூலகத்துக்கு அங்கே 'பிப்லியோதெக்'. பக்கத்து மொழியிலேயே பொருள் இப்படி மாறுகிறது என்றால், நாம் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் போட வேண்டியதில்லை.

கணினிக்கு இந்தச் சொல் வந்த கதை எனக்கு மிகப் பிடித்தது. 1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியது. அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்கான சிறு நிரல்களை, அதாவது துணைநிரல்களை, துளையிட்ட காகித நாடாக்களில் வைத்து, அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். 1951க்குள் 87 துணைநிரல்கள் சேர்ந்துவிட்டன. வேண்டிய நாடாவை எடுத்து, தன் நிரலின் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, திரும்ப வைத்துவிட வேண்டும். அப்போது லைப்ரரி என்பது வெறும் உவமை இல்லை, கண்ணெதிரே இருந்த அலமாரி. இன்றைக்கு ஸ்டேட்டிக் லிங்க்கிங் என்ற முறையில் லைப்ரரியை நிரலோடு சேர்த்துவிடுவதும் இதே படியெடுப்புதான். பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு லைப்ரரி அப்படியில்லை. படி எடுப்பதில்லை, நிரல் ஓடும்போது அதைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்கிறோம்.

இப்படி நிரல்களைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் நூலகத்தில் உள்ள 'நூல்' இடிக்கிறது. நமக்கு நூல் என்றால் ஏடும் உண்டு, பஞ்சில் திரிப்பதும் உண்டு. ஒரு நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகளில் ஒன்றான த்ரெட் என்பதற்கு ஏற்கெனவே 'இழை' என்று எழுதுகிறோம். பல த்ரெட்கள் ஒன்றாகப் பயன்படுத்தினாலும் பழுதாகாது என்பதை 'இந்த நூலகம் இழைப் பாதுகாப்பு உள்ளது' என்று ஓர் ஆவணத்தில் எழுதிப் பாருங்கள், படிப்பவர் தறிக்கே போய்விடுவார்.

அதனால் நிரலகம் என்று வைத்துக்கொள்ளலாம். நான் உருவாக்கிய சொல் இல்லை, சிலர் முன்பே எழுதிவருவதுதான். நிரல் எழுதும் அலுவலகம் போல ஒலிக்கிறது என்று ஒரு தோழி சொன்னார். அச்சகத்தையும் பதிப்பகத்தையும் நினைத்தால் அவர் சொல்வது சரிதான். ஆனால் மருந்தகத்தில் மருந்து செய்வதில்லை, கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். நூலகமும் அப்படியே. நிரலகம் அந்த வரிசையில் உட்காரும். கூட்டுச் சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: பகிர் நிரலகம் (ஷேர்டு லைப்ரரி), செந்தர நிரலகம் (ஸ்டாண்டர்ட் லைப்ரரி), இயங்கு இணைப்பு நிரலகம் (டைனமிக் லிங்க் லைப்ரரி). 'களஞ்சியம்' என்ற சொல்லைத் தொட வேண்டாம், நிரல் கோப்புகளைச் சேமித்துவைக்கும் ரெப்போசிட்டரிக்கு அது பழகிவிட்டது.

அப்புறம், செயலிகளில் பாட்டும் படமும் சேர்த்துவைக்கும் இடத்துக்கு 'நூலகம்' என்று போடுவதை நிறுத்தலாம். என் அம்மா தன் கைபேசியில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'இதில் புத்தகம் எங்கேடா இருக்கு?' என்று கேட்டார். 'தொகுப்பு' போதும். உயிரியலில் மரபணுத் துண்டுகளின் சேமிப்பைக் குறிக்கும் 'மரபணு நூலகம்' என்ற சொல்லைப் பாடநூல்களில் உள்ளபடியே விட்டுவிடலாம்.

யாழ்ப்பாண நண்பர்களே, நிரலகம் உங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது? மறுப்பு வராவிட்டால் இந்த வாரமே சொற்பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.