பழைய சிடி ட்ரைவும் லினக்ஸும்: உங்களுக்கு எங்கே இடித்தது?

ஸ்டூடியோ மகன்:
கல்யாண வீடியோவை விசிடியில் (வீடியோ சிடி) போட்டுக் கொடுத்த காலம் ஒன்று இருந்ததே, அதன் மிச்சமெல்லாம் அப்பாவின் ஸ்டூடியோ பீரோவில் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் இப்போது பென் டிரைவில் கேட்கிறார்கள். உபுண்டு லினக்ஸில் டிஸ்க் ஒழுங்காக மவுண்ட் ஆகிறது, அதாவது திறந்து உள்ளே இருப்பதைக் காட்டுகிறது. எம்பெக்ஏவி ஃபோல்டர், அதற்குள் .dat என்று முடியும் பெரிய வீடியோ ஃபைல், சைஸ் எல்லாம் தெரிகிறது. காப்பி கொடுத்தால் மட்டும் ‘இன்புட் அவுட்புட் எரர்’. கீறலே இல்லாத டிஸ்க்கும் இதே பாட்டுதான் பாடும். இதைப் பார்த்து நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டாருக்கு (டிஸ்க்கில் படிக்கும் ஒரு துண்டுக்கு) 2048 பைட் டேட்டா; மிச்ச இடத்தில் பெரும்பகுதி பிழைதிருத்தத்துக்கு. விசிடியின் வீடியோ ட்ராக்கில் அந்தப் பிழைதிருத்தத்தை எடுத்துவிட்டு 2324 பைட் வரை திணித்திருப்பார்கள். படத்தில் ஒரு புள்ளி போனால் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற கணக்கு! மவுண்ட் செய்த டிஸ்க்கிலிருந்து லினக்ஸ் 2048-ஆகத்தான் கேட்கும், ட்ரைவ் கைவிரித்துவிடும். ஆக டிஸ்க்கிலும் கோளாறு இல்லை, ட்ரைவிலும் கோளாறு இல்லை.

விசிடி இமேஜர் (VCDImager) என்ற லினக்ஸ் தொகுப்பில் வரும் ‘விசிடி எக்ஸ்ரிப்’ (vcdxrip) கமாண்ட் ட்ராக்கை நேரடியாகப் படித்து எம்பெக் ஃபைலாகத் தருகிறது. டிஸ்க்கை மவுண்ட் செய்யாமலே ஓட்டுங்கள். முழுக்க நிரம்பிய 80 நிமிட டிஸ்க் என்றால் ஃபைல் 800 எம்பியைத் தாண்டும். 700 எம்பி சிடியில் இது எப்படி என்று பயப்பட வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். படம் 352×288. டிவியில் பார்த்தால் மணமகளின் நகை மட்டும் பளபளக்கும், முகம் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும்.

ஐடிஇ கேபிள்:
நல்ல விளக்கம் தம்பி. என் தொல்லை வேறு மாதிரி. பழைய ஐடிஇ ட்ரைவை (அகலப் பட்டை கேபிளில் மாட்டும் பழைய வகை) யூஎஸ்பி கன்வெர்டரில் மாட்டினால் லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை. ஒரே கேபிளில் இரண்டு ட்ரைவ் மாட்டும்போது எது முதல் (‘மாஸ்டர்’), எது இரண்டாவது (‘ஸ்லேவ்’) என்று சொல்லும் பின்பக்கக் குட்டிச் செருகி, அதாவது ஜம்பர், ‘ஸ்லேவ்’-இல் இருந்தது. ‘மாஸ்டர்’-க்கு மாற்றியதும் எஸ்ஆர்0 (சிடி ட்ரைவுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்) என்று வந்து நின்றது. இந்தக் கன்வெர்டர்களில் பல மாஸ்டரை மட்டும்தான் மதிக்கும். இன்னொன்று, பெரிய சைஸ் ட்ரைவுக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் தனியாக வேண்டும். யூஎஸ்பி போர்ட் அதைத் தராது.

லேப்டாப்பின் மெல்லிய ட்ரைவுக்கு 5 வோல்ட் போதும். ஆனால் சுற்ற ஆரம்பிக்கும்போது கரண்ட் நிறைய இழுக்கும், பழைய யூஎஸ்பி 2 போர்ட்டின் 500 மில்லிஆம்பியர் பற்றாது. டிஸ்க் சுற்றும், ‘டிக்’ என்னும், டிவைஸ் காணாமல் போகும், திரும்ப வரும். லினக்ஸின் செய்திப் பதிவைக் காட்டும் டிஎம்எஸ்ஜி (dmesg) கமாண்டில் ரீசெட் ரீசெட் என்று வரிசையாக விழுந்தால் சாஃப்ட்வேரை மாற்றிப் பயனில்லை. இரண்டு யூஎஸ்பி போர்ட்டிலிருந்து கரண்ட் எடுக்கும் இரட்டைத் தலை கேபிள் போடுங்கள்.

சேலம் சர்வீஸ்:
டிடி (dd) கமாண்டில் இமேஜ், அதாவது முழு டிஸ்க்கின் நகலை ஒரே ஃபைலாக, எடுப்பவர்களுக்கு ஒன்று. முழுக்கப் படித்துவிட்டு கடைசி நொடியில் எரர் வந்தால் பதற வேண்டாம். ‘ட்ராக் அட் ஒன்ஸ்’ முறையில் (ஒவ்வொரு ட்ராக்காகத் தனித்தனியே) எழுதிய சிடியின் முடிவில் ஃபைல் எதுவும் இல்லாத இரண்டு செக்டார்கள் இருக்கும், அவற்றைத்தான் படிக்க முடியவில்லை. ‘ஐஎஸ்ஓ சைஸ்’ (isosize) கமாண்ட் சொல்லும் அளவோடு நிறுத்தச் சொன்னால் போதும்.

உண்மையிலேயே கீறல் என்றால், கெட்ட டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்கும் டிடி ரெஸ்க்யூ (ddrescue) போடுங்கள். செக்டார் அளவு 2048 என்று சொல்லி, எது படித்தாயிற்று, எது பாக்கி என்று குறித்து வைக்கும் மேப் ஃபைலும் கொடுங்கள். ஒரு ட்ரைவில் முடிந்த வரை படித்ததும் டிஸ்க்கை வேறு ட்ரைவில் போட்டு, அதே மேப் ஃபைலோடு திரும்ப ஓட்டினால் விட்டுப்போன இடங்களை மட்டும் தேடிப் போகும். ஒரு ட்ரைவ் கைவிட்ட செக்டாரை இன்னொன்று சர்வசாதாரணமாகப் படிக்கும். அதனால்தான் பழைய ட்ரைவ் எதையும் காயலான் கடைக்கு நான் அனுப்புவதில்லை. வீட்டில் இதற்குத் தினமும் திட்டு விழுகிறது, அது வேறு கதை.

ஸ்டூடியோ மகன்:
சேலம் அண்ணா, விசிடி வீடியோ ட்ராக்குக்கு டிடி ரெஸ்க்யூ உதவாது, அதுவும் 2048-ஆகத்தானே கேட்கிறது. கீறல் விழுந்த விசிடியை நான் சிடிஆர்டிஏஓ (cdrdao) என்ற கமாண்டில் ரா முறையில், அதாவது செக்டாரை முழுதாக அப்படியே, எடுக்கிறேன். ட்ரைவுக்கு ஒரு இமேஜ் எடுத்து, எதில் படம் குறைவாக உடைகிறதோ அதை வைத்துக்கொள்கிறேன். முகூர்த்தக் காட்சி ஒன்றிலும் மற்ற காட்சிகள் இன்னொன்றிலும் நன்றாக வந்தால், வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டும்.