ஃப்ளையிங் வி வாங்க ஆசை, பெரும்பாலும் உட்கார்ந்துதான் வாசிப்பேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

தந்தி_மீட்டி:
வணக்கம். இப்போது கையில் இருப்பது ஸ்ட்ராட் வடிவ கிட்டார், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஆங்கில V எழுத்துப் போல இரண்டு இறக்கை உள்ள ஃப்ளையிங் வி மேல் ரொம்ப நாளாகவே ஆசை, கூடவே கோணல்மாணலான மூலைகள் கொண்ட எக்ஸ்ப்ளோரரும் கண்ணை இழுக்கிறது. வீட்டில் மேசை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பதுதான் அதிகம், எப்போதாவது நண்பர்களோடு சேர்ந்து நின்று வாசிப்போம். வி வடிவத்தை மடியில் வைக்கவே முடியாது என்று சிலர் சொல்கிறார்கள், நெக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் என்று வேறு சிலர். ஒலியும் வித்தியாசப்படுமா? கடையில் கையில் எடுக்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

நெக்_வைத்தியர்:
மடியில் வைக்க முடியாது என்பது தவறு. ஸ்ட்ராட்டை வைப்பது போல வலது தொடையில் தட்டையாக வைத்தால் வழுக்கும், அவ்வளவுதான். இரண்டு இறக்கைக்கும் நடுவில் இருக்கும் பிளவு வலது தொடையில் உட்கார வேண்டும், கீழ் இறக்கை இரண்டு காலுக்கும் இடையில் இறங்கும். அப்படி வைத்தால் நெக் மேல்நோக்கிச் சாய்ந்து, கிளாசிக்கல் கிட்டார் வாசிப்பவர்கள் பிடிக்கும் கோணம் வரும். இடது மணிக்கட்டுக்கு அது நல்லதுதான். 1958-இல் கிப்சன் முதல் வி-யை வெளியிட்டபோதே கீழ் இறக்கையின் ஓரத்தில் வழுக்காமல் இருக்க வரிவரியான ரப்பர் பட்டை ஒட்டித்தான் கொடுத்தார்கள். நீங்கள் பார்க்கும் மாடலில் அது இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் பெயிண்ட்டுக்கு ஒத்துவரும் பொருளா என்று கேட்டுவிட்டு ஒட்டுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்த கிட்டாரில் சில வகை ரப்பர் பட்டு நாளாவட்டத்தில் பூச்சு இளகிக் கறை விழும்.

இதைவிடப் பெரிய விஷயம் உங்கள் நாற்காலி. கை வைத்த நாற்காலி என்றால் வி-யும் சரி, எக்ஸ்ப்ளோரரும் சரி, இடித்துக்கொண்டே இருக்கும். மேசைக்கு முன்னால் உட்காருகிறீர்கள் என்றால் திரும்பும்போதெல்லாம் நுனி மேசையில் படும், அங்கேதான் பூச்சு முதலில் பெயரும். பழைய கிட்டார் பார்க்கப் போனாலும் முதலில் நுனிகளைப் பாருங்கள். அடுத்து நட்டுக்கு (நெக்கின் நுனியில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் பள்ளம் வெட்டிய துண்டு) பின்னால், ஹெட்ஸ்டாக் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) தொடங்கும் இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பின்பக்கம் சாய்ந்த ஹெட்ஸ்டாக் உள்ள மஹோகனி நெக் கீழே விழுந்தால் அந்த இடத்தில்தான் உடையும். ஒட்டிச் சரி செய்தது நன்றாகவே உழைக்கும், ஆனால் அதை மறைத்து முழு விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

ரிவர்ப்_ராசா:
ஒலிக்காக இந்த வடிவத்தை வாங்காதீர்கள், ஒலிக்குப் பயந்து வாங்காமலும் இருக்காதீர்கள். கெட்டியான மரக்கட்டை பாடியில் பிக்அப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பாகம்), ஆம்ப், உங்கள் விரல் இந்த மூன்றும் செய்யும் மாற்றத்துக்கு முன்னால் பாடியின் வெட்டு ஒன்றுமே இல்லை. ஸ்கேல் நீளத்தை, அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங் அதிரும் நீளத்தைப் பாருங்கள், அது கையில் நேரடியாகத் தெரியும். உங்கள் ஸ்ட்ராட் 25.5 அங்குலமாக இருக்கும், கிப்சன் வி 24.75. அதே தடிமன் ஸ்ட்ரிங் போட்டாலும் இதில் கொஞ்சம் தளர்வாக இருக்கும், பெண்ட் (ஸ்ட்ரிங்கை விரலால் தள்ளிச் சுருதியை ஏற்றுவது) சுலபமாக வரும், ஆனால் ட்யூனிங்கை ரொம்பக் கீழே இறக்கினால் தொளதொளவென்று ஆகிவிடும். எல்லா வி-யும் ஒரே அளவு என்று நினைக்க வேண்டாம், ஜாக்சன் வி-கள் பெரும்பாலும் 25.5 தான்.

மெட்டல் இசைக்கான கூர்கூரான கிட்டார்கள் பலவற்றில் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ்தான் வரும், ஸ்பிரிங் பலத்தில் மிதந்து, ஸ்ட்ரிங்குகளைப் பூட்டி வைக்கும் வகை அது. அது உங்களுக்கு வேண்டுமா என்று தனியாக யோசியுங்கள். பாட்டுக்குப் பாட்டு ட்யூனிங் மாற்றுபவருக்கு அது பெரிய தொல்லை, ஒரு ஸ்ட்ரிங்கை இறக்கினால் மற்ற ஐந்தும் ஏறிவிடும்.

கேஸ்_தேடி:
கேஸைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சாதாரண கிட்டார் பையில் இவை எதுவும் போகாது. கிட்டாரோடு கேஸும் வந்தால் மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் அந்த வடிவத்துக்குக் கேஸ் கிடைக்கிறதா என்று உறுதி செய்த பிறகு பணம் கொடுங்கள். எக்ஸ்ப்ளோரருக்கு சில பேஸ் கிட்டார் பைகள் பொருந்தும், வாங்குவதற்கு முன் பாடியின் மிக அகலமான இடத்தை அளந்து பாருங்கள். பாடியைக் கீழே தாங்கும் ஸ்டாண்டில் வி நிற்காது, நெக்கைப் பிடித்துத் தொங்கவிடும் ஸ்டாண்ட் வேண்டும். இறக்கை நுனிகளைத் தரையில் ஊன்றிச் சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

தந்தி_மீட்டி:
எல்லோருக்கும் நன்றி. கடைக்குப் போய் நெக்_வைத்தியர் அண்ணா சொன்ன மாதிரி தொடையைப் பிளவில் வைத்துப் பார்த்தேன், வி உட்கார்ந்து வாசிக்க அருமையாக இருக்கிறது, பாடிப் பக்கத்து மேல் ஃப்ரெட்டுகளுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த கம்பிகள்) கை தடையே இல்லாமல் போகிறது. ஸ்ட்ராப் மாட்டி நின்றபோதுதான் சிக்கல். கையை எடுத்தால் நெக் மெதுவாகக் கீழே இறங்குகிறது. அது போக முதல் ஃப்ரெட்டில் கார்டு பிடிக்க இடது கை வழக்கத்தைவிட அதிகமாக நீள வேண்டியிருக்கிறது. நெக் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதானே, ஏன் இப்படி? எக்ஸ்ப்ளோரர் நெக் இறங்கவில்லை, ஆனால் வலது முழங்கைக்குக் கீழே ஓரம் அழுத்துகிறது.

நெக்_வைத்தியர்:
வி-யின் இரண்டு சிக்கலுக்கும் காரணம் ஒன்றுதான் தம்பி, ஸ்ட்ராப்பை மாட்டும் பட்டன் இருக்கும் இடம். ஸ்ட்ராட்டில் மேல் கொம்பு ஏறக்குறைய 12ஆவது ஃப்ரெட் வரை நீண்டிருக்கும், பட்டன் அதன் நுனியில். வி-யில் கொம்பே கிடையாது, நெக் பாடியோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் பட்டன் வைக்க முடியும். பட்டன் பின்னால் போனதால் மொத்த கிட்டாரும் உங்கள் இடப்பக்கம் தள்ளி நிற்கிறது, அதனால்தான் முதல் ஃப்ரெட் தூரமாகத் தெரிகிறது. நெக் பக்கத்து எடை அதிகமாகத் தொங்குவதால் தலை இறங்குகிறது. ஒரே மாடலில்கூட மரத்தின் எடையைப் பொறுத்து ஒன்று இறங்கும், இன்னொன்று அசையாமல் நிற்கும். ஆகவே அதே கடையில் வேறொன்று இருந்தால் அதையும் மாட்டிப் பாருங்கள்.

வாங்கிவிட்டால் முதலில் அகலமான, உள்பக்கம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் போடுங்கள், லேசான சாய்வு அதிலேயே நின்றுவிடும். போதவில்லை என்றால் எடை குறைந்த ட்யூனர் மாற்றலாம், ஹெட்ஸ்டாக் நுனியில் குறையும் சின்ன எடைகூட நன்றாகத் தெரியும். பாடியில் எடை சேர்ப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், தலை நிமிரும், உங்கள் தோள் இறங்கிவிடும். பட்டனை இடம் மாற்றுவது கடைசி வழி. துளை போட்டால் வாரண்டி போகலாம், விற்கும்போது விலையும் குறையும். செய்தே ஆக வேண்டும் என்றால் உள்ளே நெக் போல்ட்டோ வயர் போகும் குழியோ இல்லாத இடமாகத் தேர்ந்தெடுத்து, ஸ்க்ரூவைவிட மெல்லிய துளை முதலில் போட்டு, ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் மெழுகு தடவித் திருகுங்கள். நேரடியாகத் திருகினால் மரம் பிளக்கும்.

முதல் ஃப்ரெட் தூரத்துக்கு மட்டும் முழுத் தீர்வு கிடையாது. நின்று வாசிப்பது எப்போதாவதுதான் என்கிறீர்கள், அதனால் உங்களுக்கு வி பொருந்தும். வாரா வாரம் மேடை ஏறுபவர் கேட்டிருந்தால் எக்ஸ்ப்ளோரர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இடக்கை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இடது கைக்காரன், வலது கை வி-யைத் திருப்பிப் போட்டு வாசிக்கலாமா?

ரிவர்ப்_ராசா:
பாடி இருபுறமும் ஒரே மாதிரி என்பதால் மற்ற கிட்டார்களைவிட இது சுலபம். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஆல்பர்ட் கிங் அப்படித்தான் வாசித்தார், ஸ்ட்ரிங் வரிசையைக்கூட மாற்றாமல். வரிசையை மாற்றிப் போடுவதென்றால் நட்டை மாற்றி, பிரிட்ஜில் இன்டொனேஷனையும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக வருவது) சரிசெய்ய வேண்டும். குமிழ்களும் கேபிள் சொருகும் இடமும் மேல்பக்கம் வந்துவிடும், வலுவாக வீசி வாசிப்பவர் என்றால் கை படும். கடையில் திருப்பி மாட்டி, கேபிளும் சொருகிப் பாருங்கள்.

தந்தி_மீட்டி:
இன்னொரு வி இருந்தது, இது கொஞ்சம் கனம், கையை விட்டாலும் நெக் அப்படியே நிற்கிறது. கேஸோடு தருகிறார்கள். நாற்காலியைத்தான் மாற்ற வேண்டும், கை இல்லாததாக ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.